தாயின் கழுத்தில் இருந்த அடையாளம்

குன்னூர் மலையில் உழைத்த ஸர் ராபர்ட் மக்காரிஸனின் வரலாறு

வீட்டில் குழந்தை பிறந்ததும் பாட்டிமார் செய்யும் முதல் காரியம், அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதுதான். தொடையில் மச்சம் இருக்கிறதா, நெற்றியில் சிவப்பு மறு இருக்கிறதா, இடுப்பில் நீலத் திட்டு இருக்கிறதா என்று பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணமும் சொல்லி விடுவார்கள். கிரகணத்தன்று தாயார் வெளியே வந்து விட்டாள் என்பது அவற்றுள் மிகவும் பழைய காரணம். கிரகணத்துக்கும் மச்சத்துக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. இந்த மறுக்களில் பெரும்பாலானவை எந்தத் தீங்கும் செய்யாதவை. நம் நாட்டுக் குழந்தைகளின் பிட்டத்தில் காணும் நீலத் திட்டு சில ஆண்டுகளில் தானாகவே மறைந்து போகும்.

ஆனால் எல்லா மறுக்களையும் அப்படித் தள்ளி விட முடியாது. கருவில் வெளித்தோலும் நரம்பு மண்டலமும் ஒரே படலத்திலிருந்து உண்டாகின்றன. ஆகவே உள்ளே நேர்ந்த கோளாறுக்குத் தோல் சில சமயம் சாட்சி சொல்லும். முகத்தின் ஒரு பக்கம் நெற்றியையும் கண்ணிமையையும் சேர்த்துப் படர்ந்திருக்கும் திராட்சைரச நிற மறு, அதே பக்கத்து மூளையின் உறையில் இரத்தக் குழாய்கள் பிசகியிருக்கக் கூடும் என்பதற்கு அறிகுறி. வலிப்பு கண்ட ஒரு சிறுமியைப் பரிசோதித்து 1879-ல் இதை எடுத்துக் காட்டியவர் வில்லியம் ஆலன் ஸ்டர்ஜ் என்ற ஆங்கில டாக்டர். காப்பி நிறத் திட்டுகள் ஆறும் அதற்கு மேலும் இருந்தால், நரம்புகளில் கட்டிகள் வளரும் பிறவி நோயோ என்று டாக்டர்கள் சந்தேகிப்பார்கள்.

இப்படித் தோலில் எந்த அடையாளமும் இல்லாமல், நரம்பு மண்டலம் மட்டும் சிதைந்து பிறக்கும் குழந்தைகளும் உண்டு. காது கேளாது, ஆகவே பேச்சும் வராது. கால்கள் விறைத்து நிற்கும். அறிவு வளராது. இவர்களில் ஒரு பெரும் கூட்டத்துக்கு அடையாளம் இல்லாமல் இல்லை. அது குழந்தையின் மேனியில் இல்லை, தாயின் கழுத்தில் இருந்தது. அதைக் கூர்ந்து பார்த்து, எண்ணிக் கணக்கெடுத்த மனிதர் பின்னர் நம் நீலகிரிக்கு வந்து, வெலிங்டனுக்கு அடுத்த குன்னூரில் தம் வாழ்நாளின் சிறந்த பகுதியைக் கழித்தார். அவர்தான் ஸர் ராபர்ட் மக்காரிஸன்.

கில்கிட் பள்ளத்தாக்கில்

மக்காரிஸன் 1878 மார்ச் 15-ம் தேதி அயர்லாந்தின் வடபகுதியில் பிறந்தவர். பெல்பாஸ்ட் நகரில் வைத்தியம் படித்து 1900-ல் பட்டம் பெற்றார். மறு ஆண்டே இந்திய மருத்துவ சர்வீஸில் சேர்ந்து இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். ராணுவ டாக்டர் என்றால் அன்று எங்கே அனுப்புவார்கள் என்று சொல்ல முடியாது. இவரை வடமேற்கு மலைகளின் கோடியில் இருந்த சித்ராலுக்கு அனுப்பினார்கள். அங்கே சிப்பாய்களை மூன்று நாள் போட்டு வாட்டிய ஒரு காய்ச்சலை ஆராய்ந்து, அது மணல் ஈ கடிப்பதால் வருவது என்று சந்தேகித்து 1906-ல் எழுதினார். சந்தேகம் சரிதான் என்று பிற்பாடு நிரூபணமாயிற்று. அவர் பெயரை உலகம் முதலில் கேட்டது இந்தக் காய்ச்சலால்தான்.

ஆனால் அவர் மனத்தைப் பிடித்து ஆட்டியது வேறொரு வியாதி. சித்ராலை அடுத்த கில்கிட் பகுதிக்கு அவர் சர்ஜனாகப் போய்ச் சேர்ந்தபோது, அங்குள்ள ஜனங்களில் பலருக்குக் கழுத்தில் கழலை தொங்குவதைக் கண்டார். கழுத்தின் முன்புறத்தில் தைராயிட் என்ற சிறு சுரப்பி இருக்கிறது. அது வீங்கிப் பெருப்பதுதான் இந்தக் கழலை. சிலருக்கு எலுமிச்சம்பழ அளவு, சிலருக்குத் தேங்காய் அளவு. கழலை உள்ள ஊர்களிலேயே, மேலே சொன்ன ஊமைக் குழந்தைகளும் இருந்தார்கள்.

இக்குழந்தைகளை அக்காலத்து வைத்திய நூல்கள் கிரெட்டின் என்ற பெயரால் குறித்தன. ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைகளிலும் இவர்கள் நிறைய இருந்தார்கள். அந்தப் பெயர் நாளடைவில் வசைச் சொல்லாகவே ஆகி விட்டது. மக்காரிஸன் சித்ராலிலும் கில்கிட்டிலும் இவர்களில் 203 பேரை நேரில் பரிசோதித்து, 1908-ல் லான்ஸெட் என்ற லண்டன் வைத்தியப் பத்திரிகையில் வெளியிட்டார். அவருடைய வேலைகளுக்குள் இதையே முதலிடத்தில் வைக்க வேண்டும் என்பது நம் கருத்து. உணவைப் பற்றி அவர் செய்த பிரசாரம்தான் பின்னாளில் அவருக்குப் புகழைக் கொடுத்தது என்றாலும், அவர் கண்ணின் கூர்மை இங்கேதான் தெரிகிறது.

அவருக்கு முன் எல்லோரும் இக்குழந்தைகளை ஒரே குவியலாகப் பார்த்தார்கள். அவர் இரண்டு வகையாகப் பிரித்தார். ஒரு வகைக் குழந்தை குள்ளமாக, முகம் ஊதி, தோல் வறண்டு, நாக்குத் தடித்து இருக்கும். தைராயிட் சுரப்பி வேலை செய்யாததன் அறிகுறிகள் இவை என்று அன்றே தெரியும். இரண்டாவது வகையில் இந்த ஊதல் கிடையாது. தோல் சாதாரணமாகவே இருக்கும். உயரமும் பெரிதாகக் குறைந்திருக்காது. கோளாறெல்லாம் நரம்பு மண்டலத்தில்தான். காது முற்றும் செவிடு, வாய் பேசாது, மாறுகண், கால்கள் விறைத்து, முழங்கால்கள் உராய உராய நடக்கும். இதை அவர் நரம்பு வகை என்று அழைத்தார். இன்றைக்கும் உலகெங்கும் வைத்தியப் புத்தகங்களில் இந்தப் பிரிவு இருக்கிறது.

இந்தக் குழந்தைகளின் தாய்மார்களையும் அவர் விசாரித்தார். பெரும்பாலும் ஒவ்வொரு தாயின் கழுத்திலும் கழலை இருந்தது. ஆகவே நோய் குழந்தை பிறந்த பின் பிடித்ததல்ல. கருவிலேயே, தாயின் மூலமாக வந்தது என்ற முடிவுக்கு வந்தார்.

தாமே குடித்த தண்ணீர்

கழலை எதனால் வருகிறது? கில்கிட்டில் ஒரே வாய்க்காலின் தண்ணீரை ஒன்றன்பின் ஒன்றாக எட்டுக் கிராமங்கள் குடித்து வந்தன. மேலேயுள்ள கிராமத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 12 பேருக்குக் கழலை இருந்தது. தண்ணீர் ஒவ்வொரு ஊராகக் கடந்து, அழுக்கும் சாணியும் சேர்ந்து கடைசிக் கிராமத்துக்கு வரும்போது நூற்றுக்கு 45 பேருக்கு மேல் இருந்தது. இதைக் கண்ட மக்காரிஸன், தண்ணீரில் உள்ள கிருமிகள்தான் காரணம் என்று எண்ணினார்.

எண்ணியதோடு நிற்கவில்லை. அந்தத் தண்ணீரை வடிகட்டி, வடிகட்டியில் தங்கிய வண்டலைத் தாமே தினந்தோறும் குடித்தார். சில தொண்டர்களும் கூடக் குடித்தார்கள். வேறு சிலருக்கு அதே வண்டலைக் கொதிக்க வைத்துக் கொடுத்தார். சில வாரங்களுக்குள் கொதிக்காததைக் குடித்தவர்களில் சிலருக்குக் கழுத்து வீங்கத் தொடங்கிற்று. மக்காரிஸனுக்கும் வீங்கிற்று. கொதித்ததைக் குடித்தவர்களுக்கு ஒன்றும் நேரவில்லை. தம் கழுத்தையே சோதனைக் கூடமாக்கிய இந்தத் துணிச்சலுக்கு எந்தப் பாராட்டும் தகும். இந்த ஆராய்ச்சிக்காக சர்க்கார் 1911-ல் அவருக்குக் கெய்ஸரி-ஹிந்த் தங்கப் பதக்கம் வழங்கிற்று. அதே ஆண்டில்தான் அவருக்கு விவாகமும் நடந்தது. 1913-ல் லண்டனில் கழலையைப் பற்றித் தொடர் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார்.

இவ்வளவு பாடுபட்டும் மூலகாரணம் அவருக்கு அகப்படவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மலைநாடுகளில் பனிப்பாறைகளும் மழையும் யுகயுகமாக மண்ணை அரித்து, அதிலிருந்த அயோடின் என்ற பொருளைக் கடலுக்கு அடித்துக் கொண்டு போய் விட்டன. அந்த மண்ணில் விளையும் தானியத்திலும், அங்கே ஊறும் தண்ணீரிலும் அயோடின் போதாது. தைராயிட் தன் சுரப்பு நீரை உண்டாக்க அயோடின் இன்றியமையாதது. கிடைக்காத பொருளைத் தேடித் தேடி உழைக்கும் சுரப்பி பெருத்துப் போகிறது. அமெரிக்காவின் ஒஹையோ மாகாணத்தில் டாக்டர் மரைன் என்பவர் 1917 முதல் பள்ளிச் சிறுமிகளுக்குச் சிறிதளவு அயோடின் உப்பைக் கொடுத்துக் கழலையைத் தடுத்துக் காட்டினார். 1922-ல் ஸ்விட்ஸர்லாந்தில் சமையல் உப்பிலேயே அயோடினைக் கலக்கத் தொடங்கினார்கள். மக்காரிஸனோ, அயோடினை மட்டும் சொன்னால் போதாது, அழுக்குத் தண்ணீரும் கெட்ட உணவும் சேர்ந்தே கழலையை உண்டாக்குகின்றன என்று கடைசி வரை வாதாடி வந்தார். அதில் ஓரளவு உண்மை இருந்தாலும், நோயின் ஆணிவேர் அயோடின் குறைவுதான்.

தாயின் கழலைக்கும் குழந்தையின் மூளைக்கும் உள்ள தொடர்பு பின்னரே விளங்கிற்று. கருவில் மூன்றாம் மாதம் வரையில் குழந்தைக்குச் சொந்தத் தைராயிட் வேலை செய்வதில்லை. அது வரையில் தாயின் தைராயிட் நீரை நம்பித்தான் மூளையும் காதின் உள்ளுறுப்பும் உருவாகின்றன. தாயிடம் அந்த நீர் மிகக் குறைந்து போனால், உருவாக வேண்டிய நேரத்தில் உருவாகாதவை பிறகு உருவாவதில்லை. ஆகையால்தான் நரம்பு வகைக் குழந்தைக்குப் பிறந்த பின் எந்த மருந்தைக் கொடுத்தாலும் செவி திறப்பதில்லை. மருந்து கர்ப்பத்துக்கு முன்பே தாய்க்குப் போயிருக்க வேண்டும்.

குன்னூரில் ஓர் அறை

முதல் உலக யுத்தம் மக்காரிஸனை ஆராய்ச்சியிலிருந்து பிரித்துப் போர்க்களத்துக்கு இழுத்துச் சென்றது. உடல் நலம் கெட்டுத் திரும்பியவருக்கு 1918-ல் கிடைத்த இடம், குன்னூர் பாஸ்டர் ஆராய்ச்சி நிலையத்தில் ஓர் அறை.

குன்னூரில் மலை ரெயில் ஏறினால் அடுத்த ஸ்டேஷனே வெலிங்டன். 1850-களில் பாசறைகள் கட்டப்பட்ட காலத்திலிருந்து அது ராணுவத்தின் ஊர். சிம்ஸ் பூங்காவை அடுத்து நிற்கும் பாஸ்டர் நிலையம் 1907-ல் திறக்கப்பட்டது. நாய்க்கடிப்பட்டவர்கள் அதற்கு முன் தென்னாட்டிலிருந்து வடக்கே வெகுதூரம் போக வேண்டியிருந்தது. வெறிநாய்க் கடியால் ஓர் ஆங்கில மாது இறந்து போனதும், ஹென்றி பிப்ஸ் என்ற அமெரிக்கத் தனவந்தர் கொடுத்த நன்கொடையும் சேர்ந்து இந்நிலையத்தை எழுப்பின. வெறிநாய்க்கடி நோயும் மூளையைத் தாக்குவதுதான். ஆக, நரம்பு மண்டலத்தின் ஒரு விரோதியை எதிர்க்கக் கட்டிய வீட்டில் இன்னொரு விரோதியைத் தேட மக்காரிஸன் வந்து சேர்ந்தார்.

அவரிடம் ஒப்படைத்த வேலை பெரிபெரி நோயை ஆராய்வது. கால் மரத்து, நடை தள்ளாடி, முடிவில் இருதயம் நின்று போகும் நோய் அது. தாயின் பாலில் சத்துக் குறைந்தால் கைக்குழந்தைக்கும் வந்து ஓரிரு நாளில் உயிரைக் கொண்டு போய் விடும். மெஷினில் தீட்டி வெளுப்பாக்கிய பச்சரிசியையே முக்கிய உணவாக உண்பவர்களுக்கு இது வந்தது. மக்காரிஸன் அந்த அறையில் புறாக்களுக்குத் தீட்டிய அரிசியை மட்டும் போட்டு வளர்த்தார். சில வாரங்களில் அவற்றின் கால்கள் விழுந்து, கழுத்து முதுகுப் பக்கமாக முறுக்கிக் கொண்டது. தவிட்டில் உள்ள சத்தைக் கொடுத்ததும் எழுந்து நடந்தன. ஜாவாவில் டச்சு டாக்டர் எய்க்மன் கோழிகளைக் கொண்டு முன்னமே கண்டதுதான் இது என்றாலும், மக்காரிஸன் ஒரு படி மேலே போய், சத்துக் குறைவால் உடலின் ஒவ்வோர் உறுப்பும் எப்படிச் சீர்குலைகிறது என்று துருவித் துருவிப் பார்த்து, 1921-ல் ஒரு புத்தகமாக வெளியிட்டார்.

தமிழர்களான நாம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அக்காலத்துச் சென்னை மாகாணத்தில் பெரிபெரி பெரும்பாலும் வடசர்க்கார் ஜில்லாக்களின் கடலோரத்தில்தான் இருந்தது. அரிசியே உணவான தமிழ் ஜில்லாக்களில் அவ்வளவாக இல்லை. காரணம், நம்மவர்கள் உண்டது புழுங்கலரிசி. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கி விடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுவதும் போவதில்லை. நெல் அவித்த நம் பாட்டிமார், கிரகண விஷயத்தில் எப்படியோ, இந்த விஷயத்தில் பேரக் குழந்தைகளின் நரம்புகளைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

1923-ல் சர்க்கார் செலவைக் குறைக்க வேண்டும் என்று கிளம்பிய இஞ்ச்கேப் கமிட்டியின் கத்தி, புறாக்கூண்டின் மீதும் விழுந்தது. ஆராய்ச்சி நின்றது. இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 1925-ல் மறுபடி உயிர் பெற்றது. 1928-ல் அதுவே போஷணை ஆராய்ச்சி நிலையமாக விரிந்தது. மக்காரிஸன் அதன் முதல் டைரக்டர்.

எலிகள் சொன்ன தீர்ப்பு

இக்காலத்தில் அவர் செய்த எலிச் சோதனை உலகப் பிரசித்தம். இந்தியாவின் பல பகுதி ஜனங்கள் உண்ணும் உணவை அப்படியே சமைத்து எலிகளுக்குப் போட்டார். சீக்கியர் உணவை, அதாவது கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், முளைப்பயறு, பச்சைக் காய்கறி ஆகியவற்றை உண்ட எலிகள் சராசரி 235 கிராம் எடை ஏறின. வரிசையில் கடைசியாக நின்றவை சென்னை ஏழையின் உணவை உண்ட எலிகள், 155 கிராம். படிக்கும்போது நமக்குச் சற்று உறைக்கத்தான் செய்கிறது. ஒரு மாகாணம் முழுவதற்கும் ஒரே சாப்பாடு என்று முடிவு கட்டியது சரியல்ல. பால் வாங்க வசதியுள்ளவன் சென்னையிலும் பால் குடித்தான். எலிகளின் எடையில் தெரிந்தது மாகாணத்தின் பெயரை விட வறுமைதான் என்று நமக்குத் தோன்றுகிறது. அவரோ இந்தக் கணக்கை வைத்துக் கொண்டு, பாலும் கீரையும் காயும் ஏழைக்கு எட்ட வேண்டும் என்று அதிகாரிகளிடம் விடாமல் வாதாடினார்.

கழலையையும் அவர் மறந்து விடவில்லை. முட்டைக்கோஸை மட்டும் தின்ற முயல்களுக்குக் கழுத்துக் கழலை வருவதாக 1928-ல் அமெரிக்காவிலிருந்து செய்தி வந்தது. முட்டைக்கோஸ் குன்னூருக்குப் புதிதா என்ன? உடனே இங்கும் சோதனை நடத்தினார். முட்டைக்கோஸில் தைராயிட்டின் வேலைக்குக் குறுக்கே நிற்கும் பொருள் இருப்பது உண்மை. அதற்காக யாரும் பொரியலை நிறுத்த வேண்டியதில்லை. கலப்பு உணவு உண்டு, அயோடினும் போதுமான அளவு கிடைப்பவர்களுக்கு அதனால் தொல்லை இல்லை.

1933-ல் ஸர் பட்டம் பெற்று, 1935-ல் ஓய்வு பெற்று, இங்கிலாந்து சென்று ஆக்ஸ்போர்டில் குடியேறினார். அங்கும் சும்மா இருக்கவில்லை. உணவைப் பற்றிப் பேசினார், எழுதினார், 1945 முதல் பத்து ஆண்டுகள் டாக்டர்களுக்கு மேற்படிப்புப் போதனையை நடத்தினார். அவருக்குக் குழந்தைகள் இல்லை.

குன்னூரில் அவர் வைத்துப் போன நிலையத்துக்கு 1947-ல் ஓர் இளம் டாக்டர் வந்து சேர்ந்தார். ஆந்திர நாட்டைச் சேர்ந்த அவர் பெயர் வி. ராமலிங்கஸ்வாமி. சில ஆண்டுகள் இந்த மலையில் உழைத்து விட்டு வடக்கே சென்ற அவர், 1956-ல் இமயமலை அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கில் ஒரு பெரிய சோதனையைத் தொடங்கினார். சுமார் ஒரு லட்சம் ஜனங்கள் வாழ்ந்த பகுதியை மூன்றாகப் பிரித்து, இரண்டு பிரிவுகளுக்கு அயோடின் கலந்த உப்பும், ஒரு பிரிவுக்குச் சாதாரண உப்பும் விற்கச் செய்தார்கள். தொடக்கத்தில் நூற்றுக்குச் சுமார் 38 பேருக்குக் கழலை இருந்தது. ஆறு ஆண்டுகளுக்குள் அயோடின் உப்பு உண்ட பிரிவுகளில் அது ஏறக்குறையப் பாதியாயிற்று. சாதாரண உப்பு உண்ட பிரிவில் மாற்றமில்லை. அதன் மேல் அங்கும் அயோடின் உப்புக் கொடுத்தார்கள், அங்கும் குறைந்தது. 1962-ல் மத்திய சர்க்கார் கழலை ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கிற்று. நரம்பு வகைக் குழந்தை பிறப்பதைத் தாய்க்கு முன்கூட்டியே அயோடின் கொடுத்துத் தடுக்கலாம் என்பது, பாப்புவா நியூகினி மலைகளில் 1966-ல் தொடங்கிய சோதனையால் ஐயமற நிலைநாட்டப்பட்டது.

2006 முதல் நம் நாட்டில் சாப்பாட்டுக்கென விற்கும் உப்பில் அயோடின் இருக்க வேண்டும் என்பது சட்டம். கடையில் வாங்கும்போது பத்து லட்சத்துக்கு 15 பங்காவது இருக்க வேண்டும் என்று அளவும் வைத்திருக்கிறார்கள். கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு வேண்டிய அயோடின் ஒரு கிராமில் நாலாயிரத்தில் ஒரு பங்கு. ஊசி முனையில் நிற்கும். உப்பளங்கள் நிறைந்த தூத்துக்குடியை வைத்துக் கொண்டிருக்கும் நாம், வண்டியில் வரும் கல் உப்பை அயோடின் உண்டா என்று கேட்காமல் வாங்கி விடுகிறோம். பொட்டலத்தின் மீது அயோடின் கலந்தது என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குவதும், ஜாடியை மூடி வைப்பதும் நல்லது. கடலோரத்தில் வாழ்வோருக்கு இந்தக் குறை வராது என்று நினைப்பதும் தவறு.

மக்காரிஸனின் போஷணை ஆராய்ச்சி நிலையம் 1958-ல் குன்னூரை விட்டு ஹைதராபாத்துக்குப் போயிற்று. 1969 முதல் அதன் பெயர் தேசியப் போஷணை நிலையம். மக்காரிஸன் 1960 மே 18-ம் தேதி ஆக்ஸ்போர்டில் காலமானார். அப்போது அவருக்கு 82 வயது. காங்ராவில் அயோடின் உப்புக் கொடுக்கத் தொடங்கி நான்கு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.